பாரதி வீடு: எந்த ஊர், எந்தத் தெரு?

மேப்பில் ‘பாரதி இல்லம்’ என்று மட்டும் தேடினால் தடுமாற்றம்தான். ஊரையும் தெருவையும் சேர்த்துப் போடுங்கள். பிறந்த வீடு எட்டயபுரத்தில். கோவில்பட்டியில் ரயிலிறங்கி பஸ் பிடிக்கலாம். எட்டயபுரத்தில் 1947-இல் திறந்த மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் வீடு என்று திரும்பிவிடாதீர்கள். வீடு தனி, ஊருக்குள் விசாரித்துப் போக வேண்டும்.

1921-இல் மறையும்போது இருந்த வீடு சென்னை திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கம்.

அதிகக் குழப்பம் புதுச்சேரியில்தான். 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்த ஊர். பாரதியார் நினைவில்லம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில்; பெருமாள் கோயில் வீதி 95-ஆம் எண்ணோ பாரதிதாசன் வீடு. ஆட்டோவில் ‘பாரதி மியூசியம்’ என்றால் எதில் இறக்குவார்களோ! வீதிப் பெயரைச் சொல்லி ஏறுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.