அடுத்தாளைத் தயார் செய்துவிட்டுப் பதவி கேளுங்கள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக நடத்துகிறார்கள். அங்கே ரூம் கூட்டித் துடைக்கச் சேர்ந்தவள் நான். இன்று பதினாறு அறைக்கும் பொறுப்பான அசிஸ்டெண்ட் மேனேஜர். இதற்கு ஒன்பது வருஷம் ஆனது. அதில் நாலு வருஷத்தை நானே பாழாக்கிக்கொண்டேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. லினன் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். எந்த அலமாரியில் எத்தனை பெட்ஷீட், சலவைக்குப் போனது எத்தனை, எல்லாம் என் மண்டைக்குள். யாருக்கும் சொல்லித் தரமாட்டேன். நான் ஒருநாள் வராவிட்டால் ஓட்டல் நாறிப்போகும் என்று ஒரு பெருமை. சூப்பர்வைசர் இடம் காலியானபோது எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். போய்க் கேட்டேன். "உன்னைய அங்கிட்டு எடுத்துட்டா லினனை யாரும்மா பாக்குறது?" என்றார் மேனேஜர்.

அழுதுகொண்டு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், பின்பகுதியில், உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் அம்மா, ஆச்சி, அவர்கள்தான் புத்தி சொன்னார்கள். அவர்கள் ஐயா காலத்தில் பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர்கள் எல்லாம் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகத்தான் ஆரம்பிப்பார்களாம். பிறகு அடுத்தாள், மேலாளுக்கு அடுத்த நிலை. பிறகு கடையையே பார்க்கும் மேலாள். மூன்று வருஷத் தவணைதான் ஒரு கணக்கு. "கணக்கு முடிஞ்சு மேலாள் ஊருக்கு வரணும்னா பெட்டியடியில, அவரு இடத்துல, உக்கார ஒரு ஆளு வேணுமுல்ல? ஒன் இடத்துக்கு ஆளு இருக்கா?" என்றார்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் வேலையை மண்டையிலிருந்து நோட்டுக்கு இறக்குங்கள். நான் எழுதியது இப்படி: ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது, அதனால் அப்போது மட்டும் நாலாவது செட்டை வெளியே எடு. கறை பட்டதைத் தனி மூட்டையாகக் கட்டு, எண்ணாமல் சலவைக்காரர் வண்டியில் ஏற்றாதே. நாற்பது பக்க நோட்டில் பாதிகூட நிரம்பவில்லை. நாலு வருஷம் நான் காத்த ரகசியம் அவ்வளவுதான்! அதை வைத்து ஒரு பெண்ணைப் பழக்கினேன். பிறகு குலதெய்வம் கும்பிட ஒரு வாரம் லீவு போட்டேன். ஏழு நாளும் ஓட்டலிலிருந்து போன் வரவில்லை. வயிற்றைக் கலக்கியது, உண்மைதான். ஆனால் திரும்பி வந்ததும் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை வேறு.

அடுத்து, மேல் பதவியின் வேலையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் செய்து காட்டுங்கள். ராத்திரி பல்லவன் ரயிலில் காரைக்குடிக்கு வந்திறங்கும் விருந்தினரை வரவேற்று அறை காட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். அதை மூன்று மாசம் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். மூன்று மாசம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முழு வேலையையும் சும்மா செய்யாதீர்கள், அப்புறம் அது உங்கள் பழைய சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.

தப்பு நடந்தால் முதலில் வாய் திறப்பவர் நீங்களாக இருங்கள். வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தரையில், பெயிண்ட் சொட்டியிருந்தது. அதைப் போக்க என் கீழ் வேலை பார்த்த பையன் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டான். அங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல், பக்கத்து ஊரில் செய்யும் பூப்போட்ட தரைக்கல், சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டதும் நுரை பொங்கியது, துடைத்துப் பார்த்தால் ஆறு கல்லில் சிவப்பு வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. பாயை விரித்து மறைக்கலாம் என்றான் பையன். நான் நேரே மேனேஜரிடம் போய், ஆசிட் டப்பாவை நான்தான் பூட்டி வைக்கவில்லை என்றேன். திட்டு விழுந்தது. அன்று சாயங்காலமே ஆத்தங்குடிக்குப் போய் அதே பூப்போட்ட கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பதவி கொடுக்கும்போது இதைத்தான் அவர் ஞாபகமாகச் சொன்னார்.

கேட்கிற நேரம் முக்கியம். மார்கழி, தை கூட்டத்தில் நடையில் மறித்துக் கேட்டால் நடக்காது. பங்குனி பிறந்ததும், ஏப்ரல் சம்பளம் முடிவாகும் முன், பத்து நிமிஷம் ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள், அதற்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள், பதவி தரமாட்டார்கள். நான் சொன்னது இவ்வளவே: "சார், லினனை அந்தப் பொண்ணு தனியாப் பாத்துக்குது. மூணு மாசமா ராத்திரி விருந்தாளிங்களை நான் பாக்குறேன். அடுத்த சூப்பர்வைசர் இடம் எனக்கு வேணும்."

"பார்க்கலாம்" என்பார்கள். எப்போது என்று மாசத்தைக் கேளுங்கள். எனக்கு முதலில் சட்டையில் குத்தும் பேட்ஜ் மட்டும்தான் வந்தது, சம்பளம் ஆறு மாசம் கழித்து. பதவி, தொகை, எந்தத் தேதி முதல் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பங்குனி இப்படியே போனால் வேறு இடம் பாருங்கள். எங்கள் பக்கத்து ஓட்டல்களில் சீசனுக்கு முன், புரட்டாசியில்தான் ஆள் எடுப்பார்கள். ஆவணியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.