ஏரிக்கரையில மூணு உள்ளான், எது எதுன்னு பிரிக்கிறது எப்படி?

ஆகஸ்ட் கடைசியில இருந்து ஏரி, வயல்னு எங்க போனாலும் சேத்துல ஒரு ப்ரௌன் உள்ளான் ஓடிட்டிருக்கும். காமன், வுட், கிரீன்னு மூணு சேண்ட்பைப்பர் (உள்ளானுக்கு இங்கிலீஷ் பேரு), புக்குல பாத்தா ஈஸி, சென்னை பள்ளிக்கரணை சதுப்புல எதிர்வெயில்ல பாத்தா மூணும் ஒண்ணுதான்.

காமன் சேண்ட்பைப்பரை முதல்ல கழிச்சிடுங்க. வால ஆட்டிக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது (மத்த ரெண்டும் ஆட்டும், ஆனா இந்த அளவுக்கு இல்ல), வயித்து வெள்ளை மடிச்ச இறக்கைக்கு முன்னாடி தோள் வரைக்கும் ஏறியிருக்கும். அவ்ளோதான்.

வுட்டா கிரீனாங்கிறதுதான் தலைவலி. எல்லாரும் கால் கலரப் பாக்க சொல்லுவாங்க, வுட்டுக்கு மஞ்சள், கிரீனுக்கு மங்கலான பச்சைன்னு, ஆனா முட்டி வரைக்கும் சேறு அப்பிக்கிட்டு நிக்கிற பறவைக்கிட்ட அத எங்க போய்ப் பாக்குறது, அதனால முகத்துக்கு வாங்க. கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டி பின்னாடி நீளமா போச்சுன்னா வுட், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவுலயே முடிஞ்சிட்டா கிரீன். முதுகும் பாருங்க, வுட்டுக்கு நல்லா பொரிப் பொரியா இருக்கும், கிரீனுக்கு கருப்பா, புள்ளி பொடிசா இருக்கும்.

இன்னும் டவுட்னா அது பறக்குற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. கல்ல விட்டுக் கிளப்பாதீங்க, ப்ளீஸ், அது இரை எடுக்கத்தான் அவ்ளோ தூரம் வலசை வந்திருக்கு. தானா எழும்பும்போது இறக்கையோட அடிப்பக்கம் கருகருன்னு இருந்து, வாலடி (முதுகுப்பக்கம் வால் தொடங்குற இடம்) மட்டும் பளிச்சுனு வெள்ளையா தெரிஞ்சா கிரீன். வுட்டுக்கும் வாலடி வெள்ளைதான், ஆனா இறக்கை அடி வெளுத்திருக்கும், காலும் வாலுக்கு வெளிய நல்லா நீட்டிட்டிருக்கும்.

சத்தமும் அந்த செகண்ட்லதான் வரும், அதனால போன்ல ரெக்கார்டிங்க முன்னாடியே ஆன் பண்ணி வெச்சிடுங்க. வுட் 'சிப்-இப்-இப்'னு வறட்சியா ஒரே ஸ்தாயில கத்தும், கிரீன் 'ட்லுவீட்-வீட்-வீட்'னு கணீர்னு மேல ஏறும். காமன்னா மெல்லிசா 'ட்வீ-வீ-வீ', அதோட தண்ணிய ஒட்டி இறக்கையை விறைப்பா வெச்சு படபடன்னு அடிச்சுட்டுப் போகும்.

சத்தத்த வெச்சுப் பறவைய சொல்ற மெர்லின் ஆப் ஒரு பேர் காட்டுச்சுன்னு அப்படியே லிஸ்ட்ல ஏத்திடாதீங்க, ரோட்டு ஹாரன், தவளைச் சத்தத்துக்கு நடுவுல அதுவும் தடுமாறும், முகமோ இறக்கையோ ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒண்ணுமே சிக்கலையா, பாத்த பறவைகள பதியிற ஈபேர்ட் தளத்துல எந்த இனம்னு சொல்லாம 'எஸ்பி.'ன்னு மட்டும் போட்டுட்டு அடுத்த பறவைக்குப் போங்க.