பக்கத்துத் தெருவின் சின்னக் கடைகளைக் கூகுள் மேப்பில் பிடிக்க

புதுப் பகுதியில் கடையோ சாப்பாட்டு இடமோ தேடும்போது, முதலில் கூகுள் மேப்பை இரண்டு மூன்று தெருக்கள் மட்டும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அப்புறம் வேண்டியதைத் தேடுங்கள். தேடிய பின் வரைபடத்தை நகர்த்தினால் ‘இந்தப் பகுதியில் தேடு’ என்று வரும், அதை அழுத்துங்கள். தேடும் சொல்லை ‘கடை’ என்று பொதுவாகப் போடாமல், ‘பிரேம் போட’, ‘பழைய புத்தகம்’ என்று வேண்டிய பொருளையே போடுங்கள்.

தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம் என்பதோடு, எவ்வளவு பிரபலம் என்பதையும் பார்த்துத்தான் கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. விமர்சனங்களின் எண்ணிக்கையும் அதில் சேரும். ஊர் முழுக்கத் தெரியும்படி வைத்துத் தேடினால் பெரிய பெயர்களே முன்னால் நிற்கும். சந்துக்குள் பத்து விமர்சனத்தோடு இருக்கும் கடை கண்ணிலேயே படாது. பொருளின் பெயரைப் போட்டால், விமர்சனத்தில் யாராவது அதைக் குறிப்பிட்டிருந்தாலும் அந்தக் கடை வரக்கூடும். கிளம்பும் முன் விமர்சனங்களைப் ‘புதியவை’ என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். கடைசி விமர்சனமே இரண்டு வருடம் பழையது என்றால், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தள்ளுவண்டி, வாரச்சந்தை, ஒருநாள் ஓவியக் கண்காட்சி போன்றவற்றுக்கு இது அவ்வளவாக உதவாது. கண்காட்சி போன்றவற்றுக்கு நூலகத்து அறிவிப்புப் பலகையைப் பார்க்கலாம்.