கிரேட் வைப்ஸ் எழுத்துருவை எங்கே பயன்படுத்துவது?

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் வளைவு நெளிவாகப் போட கிரேட் வைப்ஸ் அருமையான எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெரிய எழுத்துகளின் (கேப்பிடல்) சுழிகள்தான் இதன் அழகே. அதனால் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும். முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடித்தால் சுழிகள் ஒன்றோடொன்று மோதி, யார் பெயர் என்றே படிக்க முடியாது.

எழுத்து இடைவெளியைக் கூட்டவே வேண்டாம். சின்ன எழுத்துகள் கைகோத்து நிற்கும்படி வரைந்தவை, இடைவெளி விட்டால் இணைப்பு அறுந்து தெரியும். தேதி, மண்டபம், போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்துருவில் இருப்பதே நல்லது. கிரேட் வைப்ஸின் மெல்லிய கோடுகள் சின்ன அளவில் அச்சில் மங்கிவிடும், தங்க நிறத்தில் அடித்தால் இன்னும் மோசம்.

இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழ்ப் பெயருக்கு, அதே கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கவிவனார் எழுத்துருவை எடுங்கள். சாய்ந்த கையெழுத்துப் பாணி, பக்கத்தில் வைத்தால் நன்றாக ஒத்துப்போகும். அப்புறம், அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள்.