விளையாட்டு வரலாற்றிலிருந்து ஒரு சிரிப்புப் பாட்டு கட்டுவது எப்படி?

தூத்தூர் முதல் முட்டம் வரை நம் குமரி மாவட்டக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கமானது. அதன் பழைய வரலாறுதான் தெரியாது. பாட்டாகக் கொடுத்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு செய்தி போதும். இரண்டாவதைத் திணித்தால் சிரிப்பு போய்விடும்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸிடம் 2–1 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியும் கோலாகவில்லை. இதை அப்படியே செய்யுளாக்கினால் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில்" என்பதற்கே ஒரு வரி போய்விடும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஆண்டு, ஊர், கோல் கணக்கு எல்லாம் பாட்டுக்குக் கீழே மூன்று நான்கு வரி உரைநடைக் குறிப்பாக வரட்டும். பாட்டுக்குள் காலும் பூட்ஸும் போதும்:

முட்டத்து மாமா பூட்ஸு வாங்கி
எட்டி உதைச்சார் பந்தை ஓங்கி;
கிட்ட நின்னது பந்து மட்டும்,
சட்டுனு கோலில் பூட்ஸு முட்டும்!

வரிக்கு நான்கு சீர், அதாவது நான்கு ஓசைத் துண்டு. நான்கு வரியிலும் இரண்டாம் எழுத்து 'ட்', அதுதான் எதுகை. இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் எதுகை ஆகாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்; இங்கே ஒரு வரி "பாட்டி" என்று தொடங்கினால் காது ஏற்காது. வாங்கி–ஓங்கி, மட்டும்–முட்டும் என்று வரிக் கடைசி ஒத்து ஒலிக்கும் இயைபு மனப்பாடத்துக்கு உதவும். மூன்றாம் வரியில் பந்து அங்கேயே நிற்கிறது. அப்படியானால் பறந்தது எது என்று பிள்ளை யோசிக்கும்போது கடைசி வரி வரவேண்டும். பூட்ஸ் பறந்ததை முன்பே சொல்லிவிட்டால் நாலாம் வரிக்கு வேலை இல்லை. "நின்னது" என்று பேச்சுநடையில் தொடங்கினால் கடைசிவரை அதுவேதான். கலந்தால் ஓசை தட்டும்.

1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சின்னச் சொல்லின் வலிமை காதுக்கே தெரியும்.

நிறம், உடம்பு, திக்குவாய் ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு வேண்டாம். அவை வகுப்பில் ஒரு பிள்ளையை அழவைக்கும். ஊரில் வழங்கும் வட்டப்பெயர்களும் அப்படித்தான்: உரியவர் சம்மதித்தால் ஒழியப் பாட்டில் சேர்க்காதீர்கள்.

குறிப்பு எழுதும்போதுதான் பிழை நுழைகிறது. வெறுங்காலோடு ஆடத் தடை விதித்ததால் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்று பலரும் எழுதுகிறார்கள். ஒலிம்பிக்கையே பெரிதாக நினைத்தது, அணித் தேர்வில் தகராறு, பயிற்சிக்கு நேரமின்மை என்று ஆய்வாளர்கள் காட்டும் காரணங்கள் வேறு. பள்ளிப் பிள்ளைக்குத் தரும் குறிப்பில் அந்தத் தடைக் கதையை விட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுவதானால் இன்னும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு முந்தைய ஆட்டக்காரர்களைத் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி அணிப் பட்டியல்களில் தேட வேண்டும். பழைய நோட்டீசிலோ கேடயத்திலோ திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்கலாம். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரி முதல் ஆடி முடியும் வரை என்றால் 825 கூட்டுங்கள். 1124 ஐப்பசி என்றால் 1948. அதே ஆண்டு மாசி என்றால் 1949. மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் கிடைத்தால் "1948–49" என்று போடுவதே சரி. பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் ஆண்டை நோட்டீஸ், பத்திரிகை, கேடயம் இவற்றில் ஒன்றோடாவது ஒத்துப் பாருங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்றாம் வகுப்பில் விளக்கம் சொல்லாமல் இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் முறை கடைசிச் சொல்லைப் பிள்ளைகளே முந்திச் சொன்னால் பாட்டு மனதில் நின்றுவிட்டது. பிறகு ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் சீர் நீண்டிருக்கும். அந்தச் சொல்லை மாற்றுங்கள். குறிப்பை ஆசிரியர் பாட்டுக்குப் பிறகே படிக்கட்டும்.