வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு அறிவியல்: பாடத்திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் எனக்குத் தெரிந்தே சில இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றேதான்: "அக்கா, சயின்ஸுக்கு எந்தப் புத்தகம் நல்லது?" தமிழுக்கோ கணக்குக்கோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. அறிவியலில் செய்முறை இருக்கிறது, வீட்டில் ஆய்வகம் இல்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

நானும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன். ஒரு வருடம் வீணானது. பெரியவளுக்கு அப்போது 13 வயது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அறிவியல் பாடப் பெட்டியைக் கணிசமான விலை கொடுத்து வரவழைத்தோம். வழவழப்பான தாள், அழகான படங்கள். உயிரியலில் முதல் வேலையே, அக்டோபரில் நிறம் மாறி உதிரும் இலைகளைச் சேகரிப்பது. எங்கள் பழையபேட்டைப் பக்கம் அக்டோபரில்தான் மழை பெய்து மரமெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கும். வெப்பநிலை முழுக்க பாரன்ஹீட்டில். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். அந்தப் பாடத்திட்டம் ஒரு வருடம் முழுக்க உயிரியல், அடுத்த வருடம் வேதியியல், அதற்கடுத்த வருடம் இயற்பியல் என்று போகிறது. இங்கே பத்தாம் வகுப்பில் மூன்றும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள். இது எனக்கு உறைத்தபோது அவள் உயிரியலில் பாதியைத் தாண்டியிருந்தாள். பெட்டி இப்போது பரண்மேல்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் தேர்வு, அப்புறம் செய்முறை, புத்தகம் கடைசியில்.

படி 1: பிள்ளை எந்தப் பக்கம் போகப் போகிறாள்?

16 வயதில் அவள் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஏதாவது பள்ளியில் அறிவியல் பிரிவா? பாலிடெக்னிக்கா? பன்னிரண்டையும் வீட்டிலிருந்தே எழுதுவதா? பதில் "தெரியாது" என்றாலும் பரவாயில்லை, அதையே எழுதுங்கள். அப்படியென்றால் அறிவியலை விடாத வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. வீட்டுக்கல்வி என்று அதில் தனியாக ஒரு பிரிவு கிடையாது. நாம் பேசுவது பெரும்பாலும் 14-ஐத் தொட்ட பிள்ளைகளைப் பற்றி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் வெளியே எடுக்கும் முன் நன்றாகக் கணக்குப் போடுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான். நடுவில் விட்டால் இவை கைநழுவும். நம் மாவட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டை நம்பித்தான் மருத்துவக் கனவே காண்கிறார்கள். எனக்கு வீட்டுக்கல்வி பிடிக்கும்தான். ஆனாலும் இதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல மாட்டேன்.

படி 2: தேர்வைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளியில் சேராத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்க மூன்று வழிகள் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் பள்ளி வழியாக வராமல் நம் பிள்ளைகள் புதிதாகப் பத்தாம் வகுப்பு எழுத முடியாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

முதல் வழி, நம் மாநிலத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. பதினான்கரை வயது முடிந்திருக்க வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தத்தில் 35 எடுத்தால் தேர்ச்சி. பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிப்பது ஒரு வேலை, அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்வது அதற்கு முன்பே முடிக்க வேண்டிய இன்னொரு வேலை. குறிப்பிட்ட பள்ளிகளில் அந்த வகுப்பு நடக்கும். 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார விடுவார்கள். அறிவிப்பு செய்தித்தாளின் மூலையில் சின்னதாக வரும், கண்ணில் படாமலே போய்விடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பேச்சில் எல்லோரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 14 வயது போதும். ஐந்து பாடங்கள், தேர்ச்சிக்கு 33. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்பு. பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம் என்பதால் உடல்நலக் குறைவோ விளையாட்டுப் பயிற்சியோ உள்ள பிள்ளைகளுக்கு இது வரம். இதில் அறிவியல் கட்டாயமில்லை. "பிடிக்கவில்லை, வேண்டாம்" என்று 14 வயதில் பிள்ளை சொன்னதைக் கேட்டு அறிவியலை விட்டுவிட்டு, பிறகு பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டுப் பள்ளி பள்ளியாக அலைந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். படி 1-இல் "தெரியாது" என்று எழுதியவர்கள் அறிவியலைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்னும், பத்தாம் வகுப்புக்கு நிகரான பன்னாட்டுத் தேர்வு. தனித்தேர்வர்களை ஏற்கும் மையம் கிடைக்க வேண்டும், கட்டணமும் அதிகம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம் என்பதால் அவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். ஆய்வகம் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைக்குப் பதிலாக ஆறாம் தாள் என்று ஒரு எழுத்துத் தேர்வை எழுதலாம். ஆனால் செய்து பழகாத பிள்ளைக்கு அந்தத் தாள் எளிதாக இருக்காது. கேள்விகள் எல்லாம் செய்து பார்த்த கையை நம்பித்தான் கேட்கப்படும்.

நாங்கள் எடுத்தது முதல் வழி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை: புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பதினொன்றில் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே சொன்னாள்.

படி 3: பென்சிலோடு செய்முறைப் பட்டியல்

அவசரப்படாமல் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். தேர்ந்தெடுத்த தேர்வின் செய்முறைப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: வீட்டில் முடியும், கடையில் வாங்கினால் முடியும், ஆய்வகம் இல்லாமல் முடியாது.

மாநிலப் பாடத்தை வைத்தே காட்டுகிறேன். திருப்புத்திறன் தத்துவத்தால் ஒரு பொருளின் எடையைக் காண்பதற்கு அளவுகோல், நூல், தெரிந்த எடை ஒன்று போதும். வீட்டில் முடியும். குவிலென்சின் குவியத் தூரத்துக்கு ஒரு லென்ஸ், எதிரே தூரத்தில் ஒரு மரம், இந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். எங்கள் சையத் பாஷா மலை சுவரில் தலைகீழாக விழுந்ததைப் பார்த்துத்தான் சின்னவனும் இந்தப் பக்கம் வந்தான். மலரின் பாகங்களைப் பிரித்துப் பார்க்க வேலியோரச் செம்பருத்தி இருக்கிறது.

வெப்பம் உமிழும் வினையும் வெப்பம் கொள்ளும் வினையும் கேட்டிருப்பார்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளை ஈர உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாலே சூடு தெரியும். பிறகு கையைக் கழுவிவிடுங்கள். குளிர்வதற்கு அம்மோனியம் குளோரைடு வேண்டும். எங்கே கிடைக்கும் என்று நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். நாட்டுமருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் அதுதான் இது! கடைக்காரர், "என்னம்மா, பாத்திரத்துக்கு ஈயம் பூசவா?" என்றார். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் டம்ளர் சில்லென்று ஆகிவிடும். படிக நீருள்ள உப்பு, நீரற்ற உப்பு என்று இன்னொன்று. அதற்கு மயில்துத்தம். நீலப் படிகத்தைச் சூடாக்கினால் வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். மயில்துத்தம் நஞ்சு. சமையல் பாத்திரத்தில் செய்யக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

ஒளிச்சேர்க்கைக்குச் சோதனைக்குழாயும் புனலும் வாங்க வேண்டியிருந்தது. அதற்கான நீர்ச்செடி, வேலம்பாசி, பக்கத்து ஏரியிலேயே கிடைத்தது.

கம்பிச் சுருளின் மின்தடை எண்ணைக் காண்பதில்தான் நின்றுவிட்டோம். அம்மீட்டர், வோல்ட்மீட்டர், திருகு அளவி எல்லாம் வேண்டும். இப்படி மூன்றாவது குறி விழுந்தவற்றைத் தனியே எழுதி வையுங்கள். பயிற்சி வகுப்பில் எதைத் தவறவிடக் கூடாது என்பதற்கு அதுதான் பட்டியல். அறிவியல் கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ தெருவில் இருந்தால் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். மூன்றாவது குறி பாதிக்கு மேல் விழுந்தால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

படி 4: இப்போது புத்தகம்

தேர்வு முடிவானதும் புத்தகத்தில் முக்கால்வாசி தானே முடிவாகிவிடும். மாநிலத் தேர்வுக்கு மாநிலப் புத்தகம், திறந்தநிலைக்கு அவர்கள் தரும் பாட நூல். மீதிக் கால்வாசிதான் உங்கள் விருப்பம்: துணைக்கு எதை வைத்துக்கொள்வது?

மாநிலப் புத்தகம், திறந்தநிலைப் புத்தகம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் மூன்றையும் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மூன்றிலும் ஒரே தலைப்பை, உதாரணமாக மின்சாரத்தை, எடுத்துப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். என் கருத்து இது: 2019-இல் வந்த மாநிலப் புத்தகம் கனமானது. அணுக்கரு இயற்பியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. ஒரு பக்கத்தில் நிறைய அடைத்திருப்பார்கள், ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு மூச்சு முட்டும். என்.சி.இ.ஆர்.டி. விளக்கிச் சொல்வதில் கெட்டி. ஆனால் 2023-இல் அதன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தனிம வரிசை அட்டவணைப் பாடத்தையும் பரிணாமப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். மாநிலத் தேர்வில் இரண்டும் உண்டு, ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. திறந்தநிலைப் புத்தகம் தனியாகப் படிப்பவரை மனதில் வைத்தே எழுதியது. பாடத்தின் நடுநடுவே கேள்வி வரும், கடைசியில் விடையும் இருக்கும். நாங்கள் மாநிலப் புத்தகத்தை முதலில் வைத்து, புரியாத இடங்களுக்கு மட்டும் மற்ற இரண்டையும் திறந்தோம்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று குழம்புகிறவர்கள் மாநிலப் புத்தகத்தின் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒளிவிலகல், மின்தடை, திருப்புத்திறன் என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனால் பதினொன்றில் வழி மாறினாலும் திணறல் இருக்காது. தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே இந்த நோட்டில் மூன்றாவது பத்தியும் வரும்.

படி 5: இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

ஒரு பாடம், இரண்டு வாரம், ஒரு செய்முறை, முடிவில் பழைய வினாத்தாளிலிருந்து சில கேள்விகள். பிள்ளை தூங்கி வழிந்தால் மாற்றுங்கள். நீங்கள் தூங்கி வழிந்தாலும் மாற்றுங்கள்.

படி 6: அட்டவணையில் ஓட்டை விடுங்கள்

வாரத்தில் ஐந்து நாளும் பாடத்தை நிரப்பாமல் ஒரு நாளைக் காலியாக வையுங்கள். பென்னாகரம் பக்கம் என் அம்மா வீடு. ஒருமுறை அங்கே போய்வந்த பெரியவள், "பாட்டி ஊர்ல நிறைய பேருக்கு ஏம்மா பல்லு காவியா இருக்கு?" என்று கேட்டாள். எந்தப் பாடத்தில் வரும் என்று நான் தேடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி செத்துப்போயிருக்கும். இங்குள்ள பாறைகளில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் கறை, இன்னும் அதிகமானால் எலும்பில் பாதிப்பு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 முதல் தண்ணீர் வருகிறது. கரைசல்கள் பாடத்தை அன்றைக்கே தொடங்கிவிட்டோம். புத்தகத்தில் அது ஒன்பதாவது பாடம். இருக்கட்டுமே.

இன்னொன்று பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் அது அணுக்கரு இயற்பியல். மெல்லச் சிதைந்துகொண்டே வரும் கார்பன் 14-இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். 4,200 ஆண்டு கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னேன். சுமார் 60 சதவீதம் என்று வந்ததும், "அப்போ பாதிகூடப் போகலையா!" என்றாள்.

படி 7: காகிதங்கள்

எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் மேசைமேல் பரப்பி, பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். திருத்தி வாங்குவதற்குள் பதிவின் கடைசி நாளுக்கு நான்கே நாள்தான் மிச்சம் இருந்தது. நீங்கள் இதைப் படி 1-க்கும் முன்னாலேயே செய்துவிடுங்கள்.