உயிரிப்புள்ளியியலில் உதவிப் பேராசிரியராக விரும்புவோருக்கு

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ கடலூர் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ புள்ளியியலில் முதுநிலை முடித்து, உயிரிப்புள்ளியியல் (மருத்துவ, உயிரியல் தரவுகளை ஆராயும் புள்ளியியல்) அல்லது பொதுச் சுகாதாரத் துறையில் உதவிப் பேராசிரியராக விரும்புவோர், எந்தத் தகுதித் தேர்வு தமக்குரியது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புள்ளியியல் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணித அறிவியலுக்குள் அடங்கும். சமூக மருத்துவம் யு.ஜி.சி. நெட் தேர்வில் தனிப்பாடம். மருத்துவக் கல்லூரிகளின் விதிகள் வேறு என்பதால், பணி அறிவிப்பை வரிவரியாகப் படிப்பது நல்லது.

தேர்வைவிடப் பெரிய சிக்கல் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. மருத்துவர்களின் ஆய்வுகளுக்குக் கணக்கிட்டுக் கொடுப்பவரின் பெயர் பெரும்பாலும் ஆசிரியர் பட்டியலின் நடுவில்தான் வரும்; அத்தகைய கட்டுரைகள் எத்தனை இருந்தாலும், “இவற்றுள் உங்கள் சொந்தச் சிந்தனை எது?” என்று தேர்வுக்குழு கேட்டால் விடை சொல்வது கடினம். ஆகவே ஜிப்மர் மருத்துவ நிறுவனத்திலோ, புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் (கொசு போன்று நோய் பரப்பும் உயிரிகள்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்திலோ ஓர் ஆய்வில் இணைய வாய்ப்புக் கிடைத்தால், தரவு சேர்ந்த பிறகு அல்லாமல், மாதிரி அளவை (ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை)த் தீர்மானிக்கும் கட்டத்திலேயே சேர்ந்துவிடுங்கள். (கடைசி வாரத்தில் எக்செல் கோப்புடன் வருபவரைக் கனிவாக மறுப்பதும் ஒரு திறமையே.) ஒரே கிராமத்து வீடுகளின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது, தொடர் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிடுவோரால் தரவில் விழும் இடைவெளி போன்ற முறையியல் கேள்விகள் அங்கேதான் முளைக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து, முதல் ஆசிரியராகத் தனிக் கட்டுரை எழுதி, அதற்கான ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் எழுதிய நிரல்களையும் பொதுவில் வெளியிடுங்கள்.